யாருக்கு முடிந்த காசு?

என் மேஜை மேல் ஒரு மஞ்சள் துணி முடிச்சு இருந்தது. எதிரே அடுத்த வீட்டுக் கோவிந்தனும் அவர் மனைவி ருக்மணியும் நின்றுகொண்டிருந்தார்கள். டிரங்குப் பெட்டிக்குள் பல வருஷம் கிடந்த துணி. பாச்சை உருண்டை வாசனையும் விபூதி வாசனையும் கலந்து அடித்தது.

நான் பூதக்கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்தேன். நிபுணர்கள் எப்படிச் செருமுவார்களோ அப்படி ஒரு தடவை செருமினேன். பிறகு முடிச்சின் வாலைப் பிடித்து இழுத்தேன்.

ஒரு பித்தளைக் காசு உருண்டு வந்து மைக்கூட்டில் முட்டிப் படுத்துக்கொண்டது.

"ஐயையோ வாத்தியாரே! அவுத்துப்புட்டீகளே!" என்றார் கோவிந்தன்.

ருக்மணி வாயில் கை வைத்தபடி நின்றாள். பிறகு இருவரும் தங்களுக்குள் சௌராஷ்டிரத்தில் பேச ஆரம்பித்தார்கள். எங்கள் தெருவில் முக்கால்வாசி நெசவாளர்கள் சௌராஷ்டிரர்கள். வீட்டுக்குள் ஒரு பாஷை, எங்களோடு ஒரு பாஷை. எனக்கு அவர்கள் பாஷையில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் நடுநடுவே 'வாத்தியார்' என்றும் 'மொட்டை' என்றும் காதில் விழுந்தது. அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற அறிவு எனக்கு இருந்தது. கை தானாகத் தலைக்குப் போயிற்று.

உடம்புக்கு முடியாதபோது, ஆபத்து வந்தபோது, சாமியை நினைத்து மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து வைப்பது நம் ஊர் வழக்கம். காரியம் நடந்ததும் அந்தச் சாமியின் உண்டியலில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதுவரை யாரும் அவிழ்க்கக் கூடாது. மீறி அவிழ்த்தால் அந்த வேண்டுதல் அவிழ்த்தவன் தலையில் வந்து விழும். மதுரையில் கைக்குழந்தைக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் கையில் பூதக்கண்ணாடி இருக்கும்போது எனக்கு வேறொன்றும் தெரியாது.

"நாங்க துணியோட தடவிப் பாத்துச் சொல்லுவீகன்னுல்ல கொண்டாந்தோம்" என்றார் கோவிந்தன், அழாத குறையாக.

விஷயம் இதுதான். கோவிந்தனின் தாயார் ரங்கம்மாள் முந்தைய வருஷம் காலமாகியிருந்தார். அவர் பெட்டியின் அடியில் இந்த முடிச்சு கிடைத்தது. எந்தச் சாமிக்கு முடிந்தது என்று அந்த அம்மாள் யாரிடமும் சொல்லவில்லை. ருக்மணிக்கு இதற்கு முன் இரண்டு குழந்தைகள் பிறந்து, இரண்டும் தங்கவில்லை. இப்போது மூன்றாவது வயிற்றில். வீட்டில் செலுத்தாத வேண்டுதல் ஒன்று நிற்கிறது, அதைச் செலுத்தினால்தான் பிள்ளை நிலைக்கும் என்று யாரோ ஒரு ஜோசியர் சொல்லிவிட்டார். உண்டியலில் போட்டது போட்டதுதான். திரும்ப எடுக்க முடியாது. இருப்பதோ ஒரே காசு. ஆகையால் சாமி யாரென்று சரியாகத் தெரிய வேண்டும்.

அதற்கு மதுரையில் என்னைவிட்டால் வேறு ஆள் இல்லை என்று நினைத்து வந்திருந்தார்கள். அப்படி நினைக்க வைத்தது நான்தான்.

காசு பார்க்கிற மாப்பிள்ளை

எனக்கு உத்தியோகம் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். பையன்களுக்குப் பூசணிக்காயும் கூஜாவும் வரையக் கற்றுக்கொடுப்பேன். மற்ற நேரமெல்லாம் பழைய கோயில் காசு, சாமி உருவம் போட்ட வில்லை, யாத்திரைக்குப் போனவர்கள் வாங்கி வந்த பித்தளைத் தகடு, இவற்றை வைத்துக்கொண்டு எது எந்தக் கோயில், எது எந்தக் காலம் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

இந்தப் பழக்கம் என் கல்யாணத்துக்கு உதவியது. பெண் வீட்டார் விசாரித்தபோது தரகர், "மாப்ள நல்லாக் காசு பாக்குறாரு" என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. என் மாமனார் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டு உடனே வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டார். கல்யாணமாகி வந்த செண்பகம், பார்க்கப்பட்ட காசுகளை ஒரு பிஸ்கோத்து டப்பாவில் கண்டாள். பித்தளையும் செம்புமாக ஒரு டப்பா. அன்றைக்கு அவள் விட்ட பெருமூச்சை இன்றும் தவணை முறையில் விட்டுக்கொண்டிருக்கிறாள்.

என் நிபுணத்துவத்துக்கு ஒரு சான்று சொல்கிறேன். கோரிப்பாளையத்தில் காதர் பாயின் பழைய பித்தளைக் கடையில் ஒரு தடவை ஒரு வில்லை கிடைத்தது. வட்டமானது, நடுவில் தேய்ந்துபோன ஏதோ சின்னம், கீழே ஓர் எண். எனக்கு அது மீனாகத் தெரிந்தது. மீன் என்றால் பாண்டியர். எண் என்றால் ஆட்சியாண்டு. ஒரு வாசகசாலையில் நாற்பது பேர் முன்னிலையில் முக்கால் மணி நேரம் அதைப் பற்றிப் பேசினேன். மாலையெல்லாம் போட்டார்கள்.

அடுத்த வாரம் ஒரு காரியமாகக் கலெக்டர் கச்சேரிக்குப் போனேன். வாசலில் ஒரு டவாலிச் சேவகர் நின்றிருந்தார். அவர் இடுப்புப் பட்டையில் அதே வில்லை, அதே சின்னம், அடுத்த எண். என் பாண்டியனின் அடுத்த ஆட்சியாண்டு என் எதிரே நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தது. நான் வந்த காரியத்தை மறந்து வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கோவிந்தனும் ருக்மணியும் என்னிடம் வந்திருக்க மாட்டார்கள்.

வேலும் வாலும்

அவிழ்த்த அன்றே செண்பகம் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"அவுத்தவருதான் செலுத்தணும். காசு நம்ம வீட்லயே இருக்கட்டும் ருக்மணி. எந்தச் சாமின்னு கண்டுபிடிச்சு, இவரே கொண்டுபோய்ப் போட்டு, ஒரு மொட்டையும் போட்டுக்கிட்டு வரட்டும்."

"மொட்டை எதுக்கு? வேண்டுதல்ல மொட்டை இருந்துச்சான்னே தெரியாதே" என்றேன்.

"அவுத்ததுக்கு."

அந்தக் காலத்தில் எனக்கு நல்ல கிராப்பு. வாசனை எண்ணெய் தடவி, வகிடு எடுத்து, டிராயிங் மாஸ்டருக்கு வேண்டிய ஒரு சுருளும் நெற்றியில் விட்டிருந்தேன். ஆகையால் இந்த ஆராய்ச்சியில் எனக்கு உண்மையான அக்கறை பிறந்தது.

காசு நன்றாகத் தேய்ந்திருந்தது. எத்தனை வெள்ளிக்கிழமைகள் புளி போட்டுத் தேய்த்தார்களோ! ஒரு பக்கம் நிற்கிற உருவங்கள். இன்னொரு பக்கம் உட்கார்ந்த உருவங்கள், சுற்றிலும் கும்பல். யாருக்கும் முகம் இல்லை. மெல்லிய காகிதத்தை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்துத் தேய்த்துப் படி எடுத்தேன். நிற்கிற உருவம் ஒன்றின் கையில் நீளமாக ஒரு கோடு தெரிந்தது.

வேல்! முருகன்! திருப்பரங்குன்றம்!

ஒரு நல்ல நாளில் குதிரை வண்டி பேசிப் புறப்பட்டோம். கோவிந்தன், ருக்மணி, செண்பகம், நான், என் கிராப்பு. ருக்மணி வழியெல்லாம் மடியில் பூவும் பழமும் இருந்த கூடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். பழங்காநத்தத்தில் வண்டிக்காரர் குதிரைக்குத் தண்ணீர் காட்ட நிறுத்தினார். நான் கீழே இறங்கி, நல்ல வெயிலில், கடைசித் தடவையாகக் காசைக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.

உட்கார்ந்த உருவங்களின் காலடியில் ஒருவர் மண்டியிட்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு வளைவு, மேலே தூக்கியபடி.

"வால்!" என்று கத்தினேன். "இது அனுமார்! மேல உக்காந்திருக்கிறது ராமரும் சீதையும். அப்ப அந்தப் பக்கம் நிக்கிறது ராமரும் லட்சுமணரும். கையில இருக்கிறது வேல் இல்ல, வில்லு! வண்டியைத் திருப்புங்க!"

வண்டிக்காரர் என் தலையை ஒரு தடவை பார்த்தார்.

"மொட்டைக்குப் போறவுக அம்புட்டுப் பேருக்கும் பாதி வழியில இப்பிடி ஏதாச்சும் தெரியத்தான் செய்யும் சாமி" என்றார்.

செண்பகம் சிரித்தாள். கோவிந்தனும் சிரித்துவிட்டார். ருக்மணி மட்டும் சிரிக்கவில்லை. கூடையிலிருந்த பூவைப் பார்த்தபடி, "அப்ப இன்னிக்கிப் போட முடியாதாண்ணே?" என்று கேட்டாள். எனக்கு அப்போதுதான் முதல் தடவையாகக் கூச்சமாக இருந்தது. இது என் தலைமுடி சம்பந்தப்பட்ட விஷயம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காதர் பாய் சேர்த்த சாமி

ராமர் என்று தெரிந்தால் போதுமா? எந்த ஊர் ராமர்? காசைத் தூக்கிக்கொண்டு கோரிப்பாளையம் போனேன். காதர் பாய் உடைந்த குத்துவிளக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"பட்டாபிசேகக் காசுல்ல இது? எனக்கும் வரும் வாத்தியாரே, மூட்டைக்கு ஒண்ணு ரெண்டு. வடக்க யாத்திரை போனவுக வாங்கியாந்து பூஜையில வச்சிக்கிறது. எந்தக் கோயில்னு அது மேல எளுதலையே."

"ராமேஸ்வரமா இருக்குமா பாய்? திருப்பதியா? இல்ல, நம்ம அழகர் கோயிலா?"

"யாரு வீட்டுது?"

சொன்னேன்.

"அட, ரங்கம்மாவா! அந்தம்மா நம்ம தர்காவுக்கும் வருமே. வெள்ளிக்கிளமை வந்து மயில் தோகையில மந்திரிச்சுக்கிட்டுப் போகும். அதையும் கணக்குல சேத்துக்குங்க."

நான் ஒரு சாமியைக் குறைக்கப் போய் ஒன்றைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

பிறகு விசாரிக்க விசாரிக்கத் தெரிந்தது, ரங்கம்மாள் போகாத இடமே இல்லை. கோச்சடையில் அய்யனார், ஊருக்குள் மாரியம்மன், பெருமாள், மீனாட்சி, போகிற வழியில் அரச மரத்தடிப் பிள்ளையார் வரைக்கும் அந்த அம்மாளுக்கு எல்லாரோடும் நேரடிப் பழக்கம் இருந்திருக்கிறது.

ஆனாலும் நான் விடவில்லை. காசில் ராமர் இருக்கிறார். ராமர் பெருமாளின் அவதாரம். அவர்கள் குலமோ பெருமாளைக் கும்பிடுகிற குலம். பெருமாளுக்கு மொட்டை போடுகிற இடம் அழகர் கோயில். கணக்கு நேராக வந்து நின்றது. அடுப்படியில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த செண்பகத்திடம் போய், வாசகசாலையில் பேசிய அதே குரலில் விளக்கினேன்.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். எழுந்து, உப்பு ஜாடிக்குப் பின்னால் கையை விட்டு, மஞ்சள் முடிச்சுகள் இரண்டு மூன்றை எடுத்தாள். எனக்குத் தெரியாமல் என் வீட்டிலேயே இருந்தவை.

"இது ஒங்களுக்கு டைபாய்டு வந்தப்ப மாரியம்மனுக்கு முடிஞ்சது. பங்குனிக்குத்தான் செலுத்தணும். இதுக்குள்ள இருக்கிற காசுல யாரு தலை இருக்கு?"

"ஜார்ஜ் மன்னர்."

"அப்ப நான் லண்டனுக்குப் போயா செலுத்தணும்?"

அவள் முடிச்சுகளைப் பழையபடி ஜாடிக்குப் பின்னால் வைத்தாள்.

"அவசரத்துக்குக் கையில எந்தக் காசு கெடைச்சுதோ அதை எடுத்து முடியுறதுதாங்க. காசைப் பாத்தா சாமியை முடிவு பண்ணுவாக? நீங்க ஒருத்தர்தான் பண்ணுவீக!"

மூன்று மாதம். ஒரு கட்டு காகிதம். தேய்ந்துபோன அரை டஜன் பென்சில். ராமரை ராமர் என்று நான் சரியாகத்தான் கண்டுபிடித்திருந்தேன். என் வாழ்நாளிலேயே சந்தேகமில்லாமல் சரியாகக் கண்டுபிடித்த ஒரே காசு அதுதான். அதனால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை.

ருக்மணியிடம் நானே போய்ச் சொன்னேன். வாசலில் ராட்டினத்தில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். மாதம் நிறைந்துகொண்டிருந்தது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ராட்டினத்தை நிறுத்தினாள்.

"அப்பத் தெரியவே தெரியாதாண்ணே?"

"தெரியாதும்மா."

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்ணே. இது தங்கிட்டாப் போதும்" என்றாள். மறுபடியும் ராட்டினம் சுற்ற ஆரம்பித்தது. நான் வீட்டுக்கு வந்து காகிதக் கட்டைப் பரண் மேல் எறிந்தேன். எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

டிராயிங் பெட்டி மஞ்சள்

ஐப்பசி மழை. பள்ளிக்கூடம் விட்டு மதியம் வீடு வந்தபோது தெருவில் நீட்டியிருந்த பாவு நூலையெல்லாம் அவசர அவசரமாகச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். ஈர நூலும் கஞ்சிப் பசையும் தெரு முழுக்க மணத்தன. கோவிந்தன் வீட்டுத் தறி ஓடவில்லை. அந்த வீட்டில் பகலில் தறிச் சத்தம் கேட்காவிட்டால் ஏதோ விசேஷம் என்று அர்த்தம்.

செண்பகமும் மருத்துவச்சியும் உள்ளே இருந்தார்கள். கோவிந்தன் தறிக் குழிக்குள் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆறுதல் சொல்லலாம் என்று நினைத்து மழையைப் பற்றிப் பேசினேன்.

உள்ளே ருக்மணியின் குரல் உச்சத்துக்குப் போய் நின்றது. "பொம்பளப் புள்ள" என்று மருத்துவச்சி சொன்னது கேட்டது. அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பிறந்த குழந்தை அழ வேண்டும் அல்லவா? அழவில்லை. மழைச் சத்தம்தான் கேட்டது. பிறகு பட், பட் என்று தட்டுகிற சத்தம். "அழுடீ, அழுடீ" என்று செண்பகத்தின் குரல்.

கோவிந்தன் முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். இந்தச் சத்தமின்மை அவருக்கு முன்பே பழக்கமானது.

நான் எழுந்து ஓடினேன். எதற்கு ஓடினேன் என்று என் மேஜை முன் நின்றபோதுதான் தெரிந்தது. பென்சில் பெட்டியில் காசு இருந்தது. மஞ்சள் துணி? அடுப்படியில் மஞ்சள் தூள் எங்கே இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? கைக்குட்டையை எடுத்தேன். டிராயிங் பெட்டியில் சூரியகாந்திப் பூவுக்கு வைத்திருந்த மஞ்சள் வர்ணத்தைத் தண்ணீரில் கரைத்து அதில் முக்கினேன். சொட்டச் சொட்டக் காசை உள்ளே வைத்து முடிந்துகொண்டே மழையில் திரும்பி ஓடினேன். தறி வீட்டு வாசலில் நின்று, முடிச்சை இறுக்கிக்கொண்டே சத்தம் போட்டுக் கூப்பிட்டேன்.

யாரையா? அதுதான் தெரியவில்லை. முருகா என்றேன், அது உறுதி. அழகரைக் கூப்பிட்டேன், மீனாட்சியைக் கூப்பிட்டேன், மாரியம்மனைக் கூப்பிட்டேன். தர்காவில் இருக்கிறவரையும் கூப்பிட்டதாகக் கோவிந்தன் சொல்கிறார். நடுவில் ஒரு தடவை ஜார்ஜ் மன்னரையும் கூப்பிட்டேன் என்று செண்பகம் இன்றுவரை சாதிக்கிறாள். அது அபாண்டம்.

உள்ளே ஒரு சின்ன இருமல். பிறகு ஓர் அழுகை. பிறகு தெருவே கேட்கிற அழுகை.

கோவிந்தன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். சொல்வதற்கு என்ன வெட்கம், அவரைவிட நான்தான் அதிகம் அழுதேன்.

செண்பகம் வெளியே வந்தாள். முகமெல்லாம் வேர்வை. என் கையிலிருந்த முடிச்சைப் பார்த்தாள். மணிக்கட்டு வரை வழிந்த மஞ்சள் வர்ணத்தைப் பார்த்தாள்.

"யாருக்கு முடிஞ்சீக?"

வாயைத் திறந்தேன். எந்தப் பெயரைச் சொல்லும்போது முடிச்சு விழுந்தது?

"தெரியல" என்றேன்.

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. என் ஈரத் தலையைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு உள்ளே போனாள்.

ரங்கம்மாள் ஏன் யாரிடமும் பெயரைச் சொல்லவில்லை என்று எனக்கு அப்போது புரிந்தது. கோவிந்தனுக்குச் சின்ன வயதில் அம்மை போட்டுப் பிழைத்தது மறுபிறவி என்று சொல்வார்கள். அன்றைக்கு அந்த அம்மாளும் இப்படித்தான் பூஜையில் கைக்குக் கிடைத்த காசை எடுத்து முடிந்திருப்பார். தெரிந்த அத்தனை பேரையும் கூப்பிட்டிருப்பார். நானோ காசிலே வேலையும் வாலையும் தேடிக்கொண்டிருந்தேன்.

மொட்டைக் கணக்கு

கூப்பிட்ட எல்லாருக்கும் செலுத்திவிடுவதுதான் நியாயம் என்று செண்பகம் சொன்னாள். முடி வளர வளர ஒவ்வொரு கோயிலாகப் போய் மொட்டை போட்டு வந்தேன். திருப்பரங்குன்றத்துக்கு அதே வண்டிக்காரர்தான் ஓட்டினார். பழங்காநத்தம் வந்ததும், "பாத்துக்குங்க சாமி, வாலு கீலு ஏதும் தெரியுதா?" என்றார். பள்ளிக்கூடத்தில் பையன்கள் கரும்பலகையில் பூசணிக்காய் வரைந்து அதற்கு என் கண்ணாடியையும் மாட்டினார்கள். நன்றாகவே வரைந்திருந்தார்கள், சொல்லிக்கொடுத்தவன் நான்தானே!

எல்லாரையும் முடித்தேனா, யாராவது விட்டுப்போனார்களா, தெரியாது. விட்டுப்போனவர் தானே வந்து வசூல் செய்துகொண்டார் என்று நினைக்கிறேன். இப்போது என் தலையில் மொட்டை போடுவதற்கு ஒன்றும் இல்லை.

காசை மட்டும் எந்த உண்டியலிலும் போட முடியவில்லை. ஒரே காசு, ஒருவருக்குப் போட்டால் மற்றவர்களுக்கு என்ன பதில் சொல்வது? அது என் மேஜை இழுப்பறையிலேயே இருக்கிறது. செண்பகத்தின் மஞ்சள் முடிச்சுகள் எல்லாம் நாளடைவில் வெளுத்துப்போகும். இது பள்ளிக்கூட வர்ணம், அன்று போலவே பளிச்சென்று இருக்கிறது.

போன மாதம் சீதா வந்திருந்தாள். அன்றைக்கு அழ யோசித்தவள்தான். இப்போது அவள் இடுப்பில் அவள் மகன். நான் மூக்குக் கண்ணாடி தேடி இழுப்பறையைத் திறந்தபோது அந்தப் பயல் முடிச்சை எட்டிப் பிடித்துவிட்டான். வாலை இழுக்கப் போனான்.

"டேய், அவுக்காதடா!" என்று நான் போட்ட சத்தத்தில் அடுப்படியிலிருந்து செண்பகம் ஓடிவந்தாள்.

சீதா அவன் கையிலிருந்து முடிச்சை மெல்ல வாங்கினாள்.

"என்ன மாமா இது? யாருக்கு முடிஞ்சது?"

எத்தனை வருஷம் அந்தக் கேள்வியோடு அலைந்திருக்கிறேன்! செண்பகம் கதவருகே நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒனக்குத்தாம்மா" என்றேன்.